ஜூலைக் கடைசி வாரத்துக்கு ஒரு வரி

பிழை திருத்துவதுதான் என் தொழிலாக இருந்தது. கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் பல வருடங்கள் ஒப்புநோக்குநராக வேலை பார்த்தேன். மற்றவர்கள் அவசரத்தில் எழுதிவிட்டுப் போனதை உட்கார்ந்து வாசித்து, விட்டுப்போன ஒற்றெழுத்தைப் போட்டு, தவறிய திகதியைச் சரிசெய்து அனுப்புவேன். கொரோனாவுக்குப் பிறகு பத்திரிகையின் பக்கங்கள் குறைந்தன. பக்கங்களோடு சேர்த்து எங்களில் சிலரையும் குறைத்தார்கள். அப்படி வீட்டில் இருந்த நாட்களில்தான் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அச்சக முதலாளி தொலைபேசியில் அழைத்தார்.

அவர் நாள்தோறும் கிழிக்கும் கலண்டர் அடிப்பவர். மேலே ஒரு சாமி படமோ மாதா படமோ இருக்கும். அதன் கீழே புடவைக்கடை அல்லது நகைக்கடையின் பெயர், அதற்கும் கீழே தாள்கட்டு. ஒவ்வொரு தாளிலும் திகதி பெரிதாக இருக்கும். திதி, நட்சத்திரம், இராகு காலம், பௌர்ணமிப் போயா, பெருநாள் எல்லாம் அதைச் சுற்றிப் பொடி எழுத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அடியில் மிஞ்சுகிற இடத்தில் ‘வரலாற்றில் இன்று’ என்று ஏதாவது போட்டால் கலண்டர் படித்தவர்களுக்கும் பிடிக்கும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பத்திரிகையில் இருந்தவள், திகதியில் பிழை விடமாட்டாள் என்று என்னைக் கேட்டார். நான் சம்மதித்தேன்.

வேலை எனக்குப் பிடித்திருந்தது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒடுங்கிய ஒழுங்கையில், ஐந்தாம் மாடியில் எங்கள் வீடு. அண்ணாவும் நானும்தான். அண்ணா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணி இறந்த பிறகு என்னோடு வந்து இருப்பவர். நான் திருமணம் செய்துகொள்ளவில்லை. அவர் காலையில் மரைன் டிரைவில் நடந்துவிட்டு வந்து, தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்ப்பார். நான் மேசையில் புத்தகங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு உலகத்துச் சங்கதிகளை நாள் வாரியாகப் பிரிப்பேன். எந்தத் தேசம் எப்போது விடுதலையடைந்தது, எந்தக் கப்பல் எப்போது மூழ்கியது என்று ஜனவரியிலிருந்து ஜூன் வரை ஒரு தடங்கலும் இல்லாமல் போயிற்று.

ஜூலைக் கடைசி வாரம் நெரிசலான வாரம். எகிப்தில் இராணுவம் மன்னருக்கு எதிராகக் கிளம்பியது, சுயெஸ் கால்வாய் நாட்டுடைமையானது, கொரியப் போர் ஓய்ந்தது, முதலாம் உலகப் போர் தொடங்கியது எல்லாம் இந்த ஒரு வாரத்துக்குள் வருகின்றன. எங்கள் நாட்டிலும் இலங்கை இந்திய ஒப்பந்தம் இந்த வாரத்தில், கட்டுநாயக்க விமான நிலையத் தாக்குதல் இந்த வாரத்தில். இவற்றுக்கெல்லாம் புத்தகத்தைப் பார்த்தேன். இருபத்தைந்தாம் திகதிக்கு மட்டும் ஒரு புத்தகத்தையும் பார்க்கவில்லை. “1983: கொழும்பில் இனக்கலவரம் பரவியது” என்று எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து முதலாளி அழைத்தார். ஒருக்கா வந்து போக ஏலுமா என்று கேட்டார். என்ன விஷயம் என்று போனில் சொல்லவில்லை. நான் காலி வீதிக்கு ஏறி 155 பஸ் எடுத்தேன். மருதானையில் நெரிசல், ஆமர் வீதியில் நெரிசல். கொட்டாஞ்சேனையில் இறங்கும்போதே எனக்குப் பாதிக் களைப்பு.

அச்சகத்துக்கு மேலே ஒரு சின்ன அறையில் அவருடைய அலுவலகம். கீழே மெஷின் ஓடினால் மேலே மேசை அதிரும். அவர் நல்ல மனிதர். என்னை உட்காரவைத்து, பிளேன்டீ சொல்லி, பஸ் எப்படி என்றெல்லாம் விசாரித்த பிறகுதான் அச்சுப் புரூவை எடுத்து விரித்தார். இருபத்தைந்தாம் திகதித் தாளில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தது.

“உலகப்போர் நல்லாயிருக்கு மிஸ், கொரியா நல்லாயிருக்கு. இந்த ஒன்ன மட்டும் மாத்தித் தாங்க” என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

“பேப்பர்னா அடுத்த நாள் பேக்கரியில பணிஸ் சுத்தக் குடுத்துருவாங்க. இது வருஷம் பூரா கடைச் சுவத்துல தொங்கும். எங்கட்ட எல்லா இன ஆக்களும் தானே எடுக்கிறாங்க. யாராவது ஒருத்தர் வாசிச்சுட்டு ஏதாவது சொன்னாப் போதும்.”

ஒரு கோடிப் பேர் செத்த உலகப்போரைத் தொங்கவிடலாம், இதைத் தொங்கவிட முடியாதா என்று கேட்டேன். அது தூரத்தில் நடந்ததுதானே என்றார். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலை மூட்டியது. கெட்ட எண்ணம் இருந்தால் சண்டை பிடித்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம்.

அவருடைய தலைக்கு மேலே சுவரில் ஓர் இளம்பெண்ணின் படம் மாட்டியிருந்தது. அவருடைய மனைவியின் தங்கை. 2019 ஈஸ்டர் ஞாயிறு அன்று கொச்சிக்கடைத் தேவாலயத்துக்குப் பூசைக்குப் போனவர், குண்டு வெடிப்பில் இறந்துபோனார். ஏப்ரல் இருபத்தொன்றாம் திகதித் தாளுக்கு நான் எதுவும் எழுதுவதற்கு முன்பே, அவரே ஒரு வரி எழுதிச் சேர்த்திருந்தார். நான் அதை எடுத்துக் காட்டினேன். இதுவும் கடைச் சுவரில் தொங்கத்தானே போகிறது என்றேன்.

அவர் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு, “அது எல்லாருக்கும் தெரிஞ்சது மிஸ்” என்றார்.

“இதுவும் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே” என்றேன்.

“அப்ப, தெரிஞ்சத என்னத்துக்கு எழுதணும்?”

ஒரே காரணத்தை வைத்துக்கொண்டு ஒன்றைப் போட்டார், ஒன்றை எடுத்தார். அது அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். பிளேன்டீயை என் பக்கம் நகர்த்திவைத்தார். குடியுங்கள், ஆறுகிறது என்றார். நான் குடித்தேன். கடைசியில், அதே திகதியில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது என்று ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் அதைப் போடுங்கள் என்று சொன்னேன். கோபத்தில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து அதையே எழுதிக்கொண்டார். குழந்தை என்றால் எல்லாருக்கும் சந்தோசம் என்றார்.

அந்த வருடக் கலண்டர் எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கியது. ஜூலை இருபத்தைந்து அன்று காலையில் அண்ணா வழக்கம்போல் முந்தைய நாள் தாளைக் கிழித்தார். சோதனைக்குழாய்க் குழந்தையை வாசித்தார்.  நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். தண்ணீர் வடித்து, அடுப்பில் வைத்து, மூடியும் போட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கப் போய்விட்டார்.

அண்ணா அந்த நாட்களைப் பற்றிக் கதைத்ததே இல்லை. எனக்கு அப்போது எட்டு வயதும் ஆகவில்லை. அண்ணாவுக்குப் பதினேழோ பதினெட்டோ. நாங்கள் வெள்ளவத்தையிலேயே, இப்போதைய வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், இரண்டு தட்டு வீடொன்றின் கீழ்த்தட்டில் வாடகைக்கு இருந்தோம். மேல்தட்டில் ஒரு மலாய்க் குடும்பம். அவர்கள் எங்களை மேலே கூட்டிக்கொண்டுபோய் ஒளித்து வைத்தார்கள். பிறகு பள்ளிக்கூடமொன்றில் அகதி முகாம், பிறகு கப்பலில் வடக்கே காங்கேசன்துறை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அப்பாவும் அம்மாவும் சாகும்வரை, எங்கள் வீடு எரிந்த வருடம் என்றுதான் அதைச் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன்.

அடுத்த கலண்டருக்கான வேலை தொடங்கியபோது முதலாளியே அழைத்தார். இந்தமுறை குரலில் ஒரு தயக்கம் இருந்தது. அவருடைய மனைவி விஷயத்தைக் கேள்விப்பட்டுக் கோபித்துக்கொண்டாராம். நம்ம வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வரி போட்ட ஆள் மற்ற ஆக்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏன் போடவில்லை என்று கேட்டாராம்.

“ஒரே ஒரு வரி மிஸ். பிரச்சினை வராத மாதிரிப் பாத்து எழுதித் தாங்க” என்றார்.

எனக்குச் சந்தோசமாக இருந்தது. அந்தச் சந்தோசம் அன்று மாலை வரைதான்.

முந்தைய வருடம் எழுதிய வரியையே அனுப்பலாம் என்று இருந்தேன். அனுப்புவதற்கு முன் அண்ணாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கிரிக்கெட்டின் சத்தத்தைக் குறைத்தார்.

“கலவரம் எண்டு எழுதாதை” என்றார். “கலவரம் எண்டால் ரெண்டு பக்கமும் அடிபட்டது எண்டுதான் அர்த்தம். நாங்கள் ஆருக்கு அடிச்சனாங்கள்?”

பத்திரிகையில் எத்தனையோ முறை நான் அந்தச் சொல்லைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன். அகராதியை எடுத்துப் பார்த்தேன். அமளி, குழப்பம் என்றெல்லாம் இருந்தது. ‘வன்முறை’ என்று போட்டேன். யார் மீது என்று கேட்டார். ‘தமிழருக்கு எதிரான வன்முறை’ என்று போட்டேன். முதலாளியிடம் போனில் வாசித்தேன். ‘எதிரான’ என்ற சொல் வேண்டாம், அது சண்டைக்கு இழுக்கிற சொல் என்றார். ‘துயரச் சம்பவங்கள்’ என்று போடலாமா என்று கேட்டார். அண்ணாவிடம் சொன்னேன். பஸ் பள்ளத்தில் விழுந்தாலும் துயரச் சம்பவம்தான் என்று சொல்லிவிட்டு அண்ணா மறுபடியும் சத்தத்தைக் கூட்டினார். நான் மேசைக்கும் சமையலறைக்கும் இடையே நடந்துகொண்டிருந்தேன். முதலாளிக்குப் பொருந்தினால் அண்ணாவுக்குப் பொருந்தவில்லை; அண்ணாவுக்குப் பொருந்தினால் தாளில் இடம் பிடிக்கவில்லை.

சொல்லை விட்டுவிட்டு, நடந்ததை எழுதலாம் என்று முடிவு செய்தேன். எரித்ததை எரித்தது என்று சொன்னால் அதில் யாருக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும்? அப்போதுதான் அடுத்த கேள்வி வந்தது. எந்தத் திகதித் தாளில் போடுவது? புத்தகங்களின்படி அது ஒரு நாளில் முடிந்த காரியமில்லை, பல நாட்கள் நீண்டது. என்றாலும் எனக்குள் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. எங்கள் வீடு எரிந்த நாளின் தாளில்தான் போட வேண்டும் என்று நினைத்தேன். அது எந்த நாள்?

அண்ணா திங்கட்கிழமை என்றார். எனக்குச் செவ்வாய் என்றுதான் நினைவு, ஏனென்றால் அதற்கு முதல் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பியதாக ஒரு ஞாபகம். அம்மா உயிரோடு இருந்தபோது ஞாயிறு இரவே புகை கண்டோம் என்று சொல்வார். அப்போது எங்களோடு தங்கிப் படித்துக்கொண்டிருந்த மாமியின் மகள், எனக்கு மச்சாள், இப்போது ரொறன்ரோவில் இருக்கிறாள். அவளை வட்ஸ்அப்பில் அழைத்துக் கேட்டேன். வெள்ளிக்கிழமை என்று அடித்துச் சொன்னாள். வெள்ளிக்கிழமை நாங்கள் முகாமில் அல்லவா இருந்தோம் என்றேன். அவள் அழத் தொடங்கிவிட்டாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு இதை ஏன் கிண்டுகிறாய், கலண்டருக்கா என்று கேட்டாள். பிறகு கதைக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். உலகப்போர் எந்த நாளில் தொடங்கியது என்று அடித்துச் சொல்லக்கூடிய நான், என் வீடு எந்த நாளில் எரிந்தது என்று தெரியாமல் நின்றேன்.

மேல்தட்டில் இருந்த மலாய் அன்ரி இன்னும் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். கொம்பனித்தெருவில், பழைய தோட்டங்களின் நெருக்கமான சிறு வீடுகளை இடித்துக் கட்டிய மாடி வீடொன்றில் மகளோடு இருக்கிறார். ஒரு சனிக்கிழமை தேடிக்கொண்டு போனேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்க ஏறிப்போனபோது அவர் ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். நல்ல வயதாகியிருந்தது, ஆனால் கண்ணும் காதும் தெளிவாக இருந்தன. என்னை அடையாளம் தெரியவில்லை. கீழ் வீட்டின் சின்னப் பிள்ளை என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

நான் நாளைப் பற்றிக் கேட்டேன். அவர் யோசித்தார். தான் அப்போது ஆறு நோன்பு பிடித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு விரும்பியவர்கள் பிடிக்கும் நோன்பு அது. நோன்போடு எங்களுக்குச் சோறு சமைத்ததால் உப்புப் பார்க்க முடியவில்லையாம்.

“உங்கட உம்மா ஒரு வாய் சாப்பிட்டுட்டு, உப்புக் கொறவுன்னு சொன்னாங்க” என்றார். “அந்த நேரத்துல, கீழ அவ்வளவு சத்தம் கேக்கக்குள்ள. சொல்லிட்டு, மன்னிச்சுக்கோங்கன்னும் சொன்னாங்க.”

அம்மா அப்படித்தான். கறியில் உப்புக் குறைந்தால் யார் வீடு என்றும் பார்க்க மாட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நாள் கிடைக்கவில்லை. திங்களும் வியாழனும் நோன்பு பிடிப்பது தன் வழக்கம் என்றார். ஆனால் அந்த ஆறு நோன்பையும் எந்த நாளிலும் பிடிக்கலாம் என்றும் அவரே சொன்னார். அப்படியானால் திங்களாகவும் இருக்கலாம், வேறெந்த நாளாகவும் இருக்கலாம்.

புறப்படும்போது, எங்கள் வீடு எரிந்த அன்று என்று நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் இடைமறித்தார். வீடு எரியவில்லை என்றார். மேலே ஆட்கள் இருந்ததால் வீட்டுக்கு நெருப்பு வைக்கவில்லை. உள்ளேயிருந்த சாமான்களை எல்லாம் தூக்கிக்கொண்டு போய் ஒழுங்கையில் குவித்து எரித்தார்கள். கட்டில், அலுமாரி, புத்தகம், உடுப்பு எல்லாவற்றையும். சுவரில் ஒரு கரி கூடப் பிடிக்கவில்லை. அந்த வீடு பிறகும் பல வருடம் இருந்ததாம். அடுக்குமாடிப் பிளட்ஸ் கட்டுவதற்காகத்தான் இடித்தார்களாம்.

நாற்பது வருடமாக எங்கள் வீடு எரிந்தது, எங்கள் வீடு எரிந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மாடிப்படி இறங்கும்போது எனக்கு யாரோ ஏமாற்றிவிட்டது போலிருந்தது. அன்ரி அல்ல, அம்மாவும் அப்பாவும் அல்ல. யார் மீது கோபப்படுவது என்று தெரியாத கோபம். திகதியைக் கேட்கப் போய், கையில் இருந்த ஒரே வசனமும் பிழை என்று தெரிந்துகொண்டு திரும்பினேன்.

கடைசியில் அண்ணாவின் திங்கட்கிழமையையே எடுத்துக்கொண்டேன். எண்பத்து மூன்றில் அது இருபத்தைந்தாம் திகதி. பிடிவாதம் போய், முடித்தால் போதும் என்றாகிவிட்டது. “1983: கொழும்பில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன.” இதுதான் வரி. முதலாளியிடம் வாசித்தேன். ‘எதிரான’ இல்லை, ‘கலவரம்’ இல்லை. சரி மிஸ், இது அழகாக இருக்கிறது என்றார். அண்ணா, ஆர் எரிச்சது எண்டு இல்லையே என்றார். யார் என்று போட்டால் தாளே வராது என்றேன். ம் என்றார்.

டிசம்பரில் கலண்டர் வந்தது. நல்ல மழை. முதலாளி ஓர் ஆட்டோவில் இரண்டு பிரதி அனுப்பியிருந்தார். பிளாஸ்டிக் உறையைக் கிழித்த உடனேயே ஜூலைக் கடைசிக்குப் போனேன்.

“1983: கொழும்பில் வீடுகளும் கடைகளும் எரிந்தன.”

திரும்பவும் வாசித்தேன். ‘தமிழரின்’ இல்லை. ‘எரிக்கப்பட்டன’, ‘எரிந்தன’ ஆகியிருந்தது. மின்னல் விழுந்து எரிந்ததுபோல. குப்பிவிளக்குச் சரிந்து எரிந்ததுபோல. வீடுகள் தாங்களாகவே எரிந்தன, கடைகளும் தாங்களாகவே எரிந்தன. நான் வாழ்நாள் முழுவதும் பிழை திருத்தியவள். இதில் பிழையே இல்லை என்பதுதான் என்னைக் குத்தியது. இலக்கணம் சரி, ஒற்று சரி, திகதி சரி.

உடனே முதலாளிக்குப் போன் எடுத்தேன். அவர் கீழே போய் விசாரித்துவிட்டுத் திரும்ப அழைத்தார். அன்றைய தாளில் ஏதோ விசேஷத்துக்கான சுபநேரம் ஒன்று கூடுதலாக வந்துவிட்டதாம். வரி இரண்டாவது வரிக்கு வழிந்திருக்கிறது. பக்கம் அமைத்தவர் ஒரு வரிக்குள் அடங்கச் சுருக்கிவிட்டார். வேறு நோக்கம் ஒன்றும் இல்லை.

“எடம் காணல்ல மிஸ், அவ்வளவுதான். கருத்து அதே கருத்துதானே?”

இல்லை என்றேன். எரிந்ததும் எரித்ததும் ஒன்றில்லை என்றேன். அந்தத் தாளுக்கு மேல் சின்ன ஸ்டிக்கராவது ஒட்ட முடியாதா என்று கேட்டேன். கலண்டர் எல்லாம் கடைகளுக்குப் போய்விட்டது என்றார். உண்மையாகவே மனம் வருந்தித்தான் பேசினார். மனைவியிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை என்றார். நான் போனை வைத்துவிட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணா நனைந்த குடையோடு வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். தாளைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தார். குடையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. மடக்கி வைக்கவும் இல்லை.

“எரிந்தனவோ?” என்றார். “நான் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

எனக்கு விளங்கவில்லை. அண்ணாவும் எங்களோடு மேல்தட்டில்தான் இருந்தார் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை என்றார். காலையிலேயே கடற்கரைக்குப் போயிருந்தாராம். தண்டவாளத்தைக் கடந்து திரும்பி வந்தபோது ஒழுங்கையின் வாயிலில் சனம். ஓடினால் காட்டிக்கொடுத்துவிடும் என்று, சனத்துக்குள்ளே ஓர் ஆளாக நின்றுவிட்டார். எங்கள் வாசலிலிருந்து சாமான்கள் வெளியே வருவதை மற்றவர்களோடு சேர்ந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நாங்கள் உள்ளே இருக்கிறோமா, உயிரோடு இருக்கிறோமா என்றும் அவருக்குத் தெரியாது.

அம்மாவின் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்த இரண்டு பேரில் ஒருவனை அண்ணாவுக்குத் தெரியும். கடற்கரையில் பின்னேரங்களில் ஒன்றாகக் கிரிக்கெட் விளையாடுகிறவன். முதல் நாளும் விளையாடியிருக்கிறார்கள். அவன் நிமிர்ந்தபோது அண்ணாவைக் கண்டான்.

“அவன் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலையே முடிஞ்சிருப்பன்” என்றார் அண்ணா. “சொல்லேல்லை. என்னைப் பாத்தான். பிறகு மெஷினைக் கொண்டுபோய் நெருப்புக்குள்ள போட்டான். அதாலை எனக்கு அவனைத் திட்டவும் ஏலாது, மன்னிக்கவும் ஏலாது. இவ்வளவு காலமும் ரெண்டும் ஏலாமல் கிடக்கு.”

 அவர் தாளைத் திரும்ப மேசையில் வைத்தார்.

“எரிந்தன எண்டு போட்டால் அவனும் அங்க இல்லை, நானும் அங்க இல்லை” என்றார்.

பிறகு குடையை மடக்கிக் குளியலறையில் கொண்டுபோய் வைத்தார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அப்பாவிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன். தலையசைத்தார், இல்லை என்று. அவர் எங்களிடம் எப்படி வந்து சேர்ந்தார் என்று கேட்டேன். இருட்டிய பிறகு பின்மதில் ஏறி என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் கேட்க விடவில்லை. தொலைக்காட்சியைப் போட்டார். எங்கோ வெயிலில் யாரோ பந்து வீசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருடம் முழுக்க அந்த வரி கடைச் சுவர்களில் தொங்கியது. மருந்துக்கடையில் கண்டேன், சலூனில் கண்டேன், பலசரக்குக் கடையில் அரிசி நிறுக்கும் இடத்துக்கு மேலே கண்டேன். ஜூலை வந்ததும் வெளியே போவதையே குறைத்துக்கொண்டேன். முதலாளி பயந்ததுபோல யாரும் அதை வாசித்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. இது ஏன் ‘எரிந்தன’ என்று யாராவது என்னைக் கேட்பார்கள் என்று நான் பயந்ததும் நடக்கவில்லை. தாள் கிழிந்தது, அடுத்த தாள் வந்தது.

இப்போது மறுபடியும் அந்தக் காலம். அடுத்த கலண்டருக்கான வேலை மேசையில் கிடக்கிறது. இனிமேல் வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். முதலாளி வீட்டுக்கே வந்து கேட்டார், மனைவியையும் கூட்டிக்கொண்டு. அவருடைய மனைவி அதிகம் கதைக்காதவர். போகும்போது மட்டும், விட்டுறாதீங்க மிஸ் என்று சொல்லி என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

ஆனால் கலண்டரில் மாற்றம். கிழமை நாட்களில் வரலாறு வேண்டாம், ராசிபலன் போடச் சொல்லிக் கடைக்காரர்கள் கேட்கிறார்களாம். ஆகவே வரலாறு இனி ஞாயிற்றுக்கிழமைத் தாள்களில் மட்டும், ‘வரலாற்றில் இந்த வாரம்’ என்று. கேட்டவுடன் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு வாரத்துக்கு ஒரு வரி என்றால் உலகப்போரையும் சுயெஸ் கால்வாயையும் எங்கே வைப்பது? பிறகுதான் உறைத்தது, எங்களுக்கு இனி நாள் தேவையில்லை என்று. திங்கள், செவ்வாய், வெள்ளி எல்லாம் அந்த வாரத்துக்குள் அடங்கிவிடும். மச்சாளும் அழ வேண்டியதில்லை. ஆனாலும் அதில் எனக்கு மகிழ்ச்சி ஒன்றும் வரவில்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ளாமலே தப்பித்துக்கொண்டதுபோல இருந்தது.

வரியை எழுதிவிட்டேன். “1983: கொழும்பில் தமிழரின் வீடுகளையும் கடைகளையும் உடைமைகளையும் எரித்தார்கள்.” யார் என்று இல்லை. ஆனால் ‘எரித்தார்கள்’ என்றால் மனிதர்கள் என்பது வினைமுற்றிலேயே வந்துவிடுகிறது. எங்கள் ஒழுங்கையில் நடந்தது உடைமைகளுக்குள் வருகிறது. எழுத்துகளை எண்ணிப் பார்த்தேன், இறுக்கினால் அடங்கும். புரூவில் யாரும் கைவைக்கக் கூடாது, வைத்தால் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். பார்ப்போம் மிஸ் என்றிருக்கிறார்.

நேற்று அண்ணாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு, சத்தத்தைக் குறைத்து, நிதானமாக வாசித்தார். எரித்தார்கள் என்ற இடத்தில் தலையை ஆட்டினார். எனக்கு ஒரு நிம்மதி வரப் பார்த்தது.

“எல்லாம் சரி” என்றார். “ஆனால் கொழும்பில மட்டுமே நடந்தது?”

கண்டி இருக்கிறது, பதுளை இருக்கிறது, இன்னும் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. அவர் சொல்வது சரி. நான் தாளை வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்திருக்கிறேன். அந்த வரியில் இனி ஒரு சொல்லுக்குக்கூட இடமில்லை.